சொட்டும் வால்வை அடைக்காதீர்

வீட்டில் நமக்குத் தொல்லை தருவனவற்றையெல்லாம் பழுது என்று எண்ணுவது நம் இயல்பு. நாற்றம் வீசினால் முகம் சுளிக்கிறோம். கருவி கூவினால் அதன் வாயை அடக்குகிறோம். குழாய் சொட்டினால் துணியைச் சுற்றிக் கட்டுகிறோம். ஆயின் சில நாற்றங்களும் சில கூவல்களும் சில சொட்டுகளும் நம் உயிரைக் காப்பதற்கென்றே அமைக்கப்பட்டவை. இவ்வுண்மையை நாம் நன்கு கற்றுக்கொண்டது ஏட்டில் அன்று. அமெரிக்க நாட்டில், சக்கரங்களின்மேல் அமைந்த ஒரு சிறு வீட்டில்.

அந்நாட்டில் பணி ஓய்வு பெற்றோர் பலர், டிராவல் டிரெய்லர் எனப்படும் இழுவை வீட்டைத் தங்கள் வண்டியின் பின்னே பூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்வர். படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை யாவும் அதனுள் அடக்கம். மிச்சிகன் மாநிலத்தில் நாம் சில ஆண்டுகள் பணியாற்றிய பங்கைச் சேர்ந்த முதிய தம்பதியர், ஓர் இலையுதிர் காலத்தில் நம்மையும் ஹியூரான் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றனர். உணவு மேசையே இரவில் நமக்குப் படுக்கையாயிற்று. பெரியவர் இயந்திரத் தொழிலில் பழுத்தவர். அவர் நாள்தோறும் முதலிற் கவனித்தது அடுப்பையன்று. வண்டியின் முகப்பில், வெளிப்புறத்தே நின்ற இரண்டு புரொப்பேன் சிலிண்டர்களையே.

புரொப்பேன் என்னும் வாயு மிகுந்த அழுத்தத்தினால் திரவமாக்கப்பட்டுச் சிலிண்டரில் அடைக்கப்படுகிறது. அழுத்தம் நீங்கினால், உறைபனிக்கும் கீழே 42 டிகிரிக் குளிரிலேயே அது கொதித்து ஆவியாகிவிடும். வெயில் பட்டால் உள்ளிருக்கும் திரவம் விரியும். எனவே சிலிண்டரில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பலாகாது என்பது விதி. அந்த அளவு வந்ததும் தானே வழியை மூடிவிடும் மிதவை ஒன்று வால்வினுள் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு முதல், இம்மிதவை வால்வு இல்லாத சிறு சிலிண்டர்களை நிரப்பித் தருவதற்கு அந்நாட்டு விதிகள் இடம் தருவதில்லை. முக்கோண வடிவக் கைப்பிடியைக் கண்டதும் அவ்வகை வால்வு என அறிந்துகொள்ளலாம்.

பெரியவர் அக்கைப்பிடியை மிக மெதுவாகத் திருப்புவார். நாம் காரணம் வினவினோம். “ஃபாதர், சட்டென்று திறந்தால் வாயு பாய்ந்தோடும். எங்கோ குழாய் அறுந்துவிட்டது என்று எண்ணி, உள்ளே இருக்கும் காவல் அமைப்பு ஓட்டத்தைக் குறுக்கிவிடும், பிறகு அடுப்பு சரியாக எரியாது” என்றார். சிலிண்டருக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் ரெகுலேட்டர், சிலிண்டரின் பெரும் அழுத்தத்தை 11 அங்குல நீரைத் தாங்கும் அளவுக்குக் குறைத்துத் தருகிறது. ஒரு சிலிண்டர் தீர்ந்ததும் அதுவே மற்றதற்கு மாறிக்கொள்ளும். அப்போது அதிலுள்ள சிறு கண்ணாடிச் சாளரம் பச்சையிலிருந்து சிவப்பாகும். வண்டியை நகர்த்துமுன் இரண்டு வால்வுகளையும் மூடிவிடுவது அவருடைய மாறாத வழக்கம்.

புரொப்பேனுக்கு இயல்பில் மணமில்லை. நாம் உணரும் நாற்றம், கசிவை அறிவிப்பதற்காகவே கலக்கப்படும் மெர்க்காப்டன் என்னும் பொருளினுடையது. இவ்வழக்கம் பரவியதற்குப் பின்னே ஒரு பெருந்துயரம் உண்டு. 1937-ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று, டெக்சஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளியில், மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து கட்டடத்தின் அடியிலே தங்கியிருந்தது. ஒருவரும் அறியவில்லை. ஒரு சிறு மின்பொறி போதுமாயிற்று. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் குழந்தைகள். அதன் பின்னரே, எரிவாயுவில் நாற்றப் பொருளைக் கலக்க வேண்டுமென்று அம்மாநிலம் சட்டம் இயற்றியது. நாம் முகம் சுளிக்கும் அந்நாற்றத்தின் விலை இதுவாகும்.

புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. ஆகையால் கசிந்தால் தரையிலே தேங்கும். அதைக் காட்டும் எச்சரிக்கைக் கருவியை இழுவை வீட்டில் தரையை ஒட்டியே பொருத்தியிருக்கின்றனர். அடுப்புச் சரியாக எரியாதபோது தோன்றும் கார்பன் மோனாக்சைடோ மணமே இல்லாத நஞ்சு. அதற்கென வேறொரு கருவி உண்டு. இவை நள்ளிரவில் கூவினால், மின்கலத்தைக் கழற்றிவிட்டு உறங்குவோர் பலர். பெரியவரோ, கூவல் கேட்டால் முதலில் அனைவரையும் வெளியேற்றுவதென்றும், ஆராய்ச்சியெல்லாம் அதன் பிறகே என்றும் இல்லத்தில் விதி செய்திருந்தார்.

இனி வெந்நீர்க் கலனுக்கு வருவோம். அது 6 காலன், அதாவது ஏறத்தாழ 23 லிட்டர் கொள்வது. மிச்சிகனின் பனிக்காலத்தில் கலனில் நீர் நின்றால் உறைந்து, விரிந்து, கலனையே பிளந்துவிடும். ஆகவே பனி தொடங்குமுன் கலனை ஆறவிட்டு, அழுத்தத்தை நீக்கி, அடிமூடியைத் திறந்து வடித்துவிடுவர். பின்பு, கலனுக்குச் செல்லும் வால்வையும் அதிலிருந்து வரும் வால்வையும் மூடி, இரண்டையும் இணைக்கும் நடு வால்வைத் திறப்பர். குழாய்களைக் காக்க ஊற்றும் உறையாத் திரவம், கலனுக்குள் புகாமல் சுற்றுவழியே சென்றுவிடும். வசந்தம் வந்ததும் மூன்று வால்வுகளையும் பழைய நிலைக்குத் திருப்புதல் வேண்டும். வெந்நீர்க் குழாயில் நீர் தடையின்றி வரும் வரை கலனைச் சூடேற்றலாகாது. வெறுங்கலனில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளிருக்கும் சூடேற்றி நொடிப்பொழுதில் கருகிவிடும்.

இக்கலனின் வெளிப்புறத்தில் சிறு கைப்பிடியுடன் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டை எட்டினாலும், வெப்பம் 210 பாரன்ஹீட் டிகிரியை, அதாவது 99 சென்டிகிரேடு டிகிரியை, எட்டினாலும் அது தானே திறந்து நீரை வெளியேற்றும். நாம் தங்கிய இரண்டாம் நாள் அது சொட்டத் தொடங்கிற்று. அடுத்த வண்டியில் தங்கியிருந்த நண்பர் வந்து பார்த்து, “ஒரு மூடியைத் திருகிவிட்டால் சொட்டு நின்றுவிடுமே, இதற்கு ஏன் இத்தனை பாடு?” என்றார்.

“சொட்டு நிற்கும், அழுத்தம் நிற்காது. இந்தப் பலகைக்கு அப்பால்தான் என் மனைவி உறங்குகிறாள்” என்றார் பெரியவர்.

பின்பு அவர் காரணத்தை விளக்கினார். நீர் சூடேறினால் விரியும். அவ்விரிவுக்கு இடந்தரக் கலனின் உச்சியில் சிறிது காற்று இருத்தல் வேண்டும். நாளடைவில் அக்காற்று நீரிற் கரைந்துவிட, விரியும் நீர் வால்வைத் தள்ளிக்கொண்டு சொட்டுகிறது. அவர் சூடேற்றலை நிறுத்தினார். நீர் நன்கு ஆறும் வரை காத்திருந்தார். நீர் வரும் வழியை அடைத்தார். வீட்டினுள் ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்தார். பின்னர் வால்வின் கைப்பிடியைத் தூக்கி, நீர் வடிவது நிற்கும் வரை விட்டுவைத்து மூடினார். காற்றுக்கு மீண்டும் இடம் கிடைத்தது, சொட்டும் நின்றது. “இதற்குப் பிறகும் சொட்டினால் புது வால்வு வாங்கி மாட்டுவேனேயன்றி, அடைக்க மாட்டேன்” என்றார்.

அவர் அஞ்சியது வீண் அச்சமன்று. கட்டுக்கடங்காமல் சூடேறிய கலன் பிளந்தால், உள்ளிருக்கும் நீர் கணப்பொழுதில் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து, சுவரையும் கூரையையும் பெயர்த்தெறியும். 1905-ஆம் ஆண்டு மார்ச் 20 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்து பிராக்டன் நகரில் காலணித் தொழிற்சாலை ஒன்றின் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். கொதிகலன்களைப் பற்றிய கடுமையான விதிகளை அம்மாநிலம் 1907-இல் வகுத்ததற்கு இத்தகைய விபத்துகளே தூண்டுகோல். கைவிரல் நீளமுள்ள ஒரு வால்வின் பின்னே இத்தனை கல்லறைகள் நிற்கின்றன.

வாசகர்களே, இழுவை வீடு நமக்கில்லை. ஆயின் அதிலுள்ள பொருள்கள் யாவும் நம் இல்லங்களில் உள்ளன. நம் சமையலறையின் 14.2 கிலோ சிலிண்டரிலும் அதே நாற்றப் பொருள்தான். நாற்றம் வந்தால் மின்விசைகளைத் தொடாதீர்; ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே சென்று 1906 என்னும் அவசர எண்ணுக்குத் தெரிவியுங்கள். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகளுள் ஒன்றும் ஆண்டும் பொறித்திருக்கும். ஏ என்பது ஆண்டின் முதல் மூன்று மாதங்கள், டி என்பது கடைசி மூன்று மாதங்கள். அக்காலம் கடந்த சிலிண்டரை வாங்காதீர். பிரஷர் குக்கரின் பாதுகாப்பு வால்வு உருகிவிட்டால், அத்துளையை வேறெதனாலும் அடைக்காமல் புதிது மாற்றுங்கள். குளியலறைக் கீசரின் வால்வு சொட்டினால் தரை நனைகிறதே என்று குச்சி செருகாதீர். வினைஞரை அழைத்துக் காட்டுங்கள். அவர் வரும் வரை கீசரின் சுவிட்சைப் போடாதிருங்கள். அதுவரை அடுப்பில் வைத்த வெந்நீரே போதும்.