ரெண்டு செட்

செகந்திராபாத்தில் லோத்குண்டா பஸ் நிறுத்தத்தைத் தாண்டினால் ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ளே ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பையன். வெளியே தகரக் கூரைக்குக் கீழே மர பெஞ்சு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒட்டினாற்போல் டீக்கடை. எதிரே கரீம்நகர் ரோடு. பலகையில் ராஜீவ் ரஹதாரி என்று இருந்தாலும் இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. பாரடைஸிலிருந்து ஷாமீர்பேட் பக்கம் போகும் மேம்பாலச் சாலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டியதிலிருந்து, எந்தக் கடை இருக்கும், எது போகும் என்பதுதான் இந்தப் பெஞ்சில் வழக்கமான பேச்சு.

"சர்வர் டௌன் உந்தி சார். பதி நிமிஷாலு" என்றான் பையன். என் காகிதத்தை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தான். ஏப்ரல் வெயில் சாய்ந்தும் தகரம் கொதித்தது. நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். முதலில் பெரியவர். எழுபதைத் தாண்டியிருக்கலாம். வெள்ளைச் சட்டை, முதுகில் கொஞ்சமும் வளைவு இல்லை. பின்னால் மகன், மருமகள், அவள் கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி. மருமகளின் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதற்குமேல் பழைய பள்ளிக்கூட நோட்டு. தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள். இந்தப் பக்கத்துக்கு அது புதிதல்ல. மதராஸ் படையோடு வந்து தங்கிய குடும்பங்களும், பின்னாளில் பட்டாளத்தில் ஓய்வு பெற்று இங்கேயே வீடு கட்டியவர்களும் திருமலகிரி, லால் பஜார், அல்வால் முழுக்க இருக்கிறார்கள்.

பெரியவருக்கு நாற்காலி. சிறுமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலை ஆட்டத் தொடங்கினாள்.

"சர்வர் வர்றதுக்குள்ள வண்டியை முடிச்சிடலாம்ப்பா" என்று மகன் போனை எடுத்தான். "நாளுக்கு நாள் ரேட் ஏறுது."

கொஞ்ச நேரத்தில் எனக்குச் சங்கதி பிடிபட்டது. மே மாதம் நியூசிலாந்து போகிறார்கள். சிங்கப்பூர் வழியாகக் கிறைஸ்ட்சர்ச். அங்கிருந்து காரில் டெகாபோ ஏரி, குவீன்ஸ்டவுன், மில்ஃபோர்டு சவுண்ட். பத்து நாள் கார் அவர்கள் கையில். இங்கே வந்தது வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பர்மிட்டுக்கு நகல் எடுக்க. திருமலகிரி ஆர்.டி.ஏ. ஆபீஸில் திங்கட்கிழமைக்கு ஸ்லாட் போட்டிருக்கிறார்கள். நம் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் நியூசிலாந்தின் சட்டத்துக்கு அதுவே போதும். ஆனாலும் கவுன்ட்டரில் நிற்பவர் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஆயிரம் ரூபாயும் சேவைக் கட்டணமும் கட்டி இந்தப் பர்மிட்டை வாங்கிக்கொள்கிறவர்கள் நிறைய. ஓராண்டு செல்லும். நானும் வாங்கிக்கொள்ளத்தான் சொல்வேன்.

மகன் விலை வரிசையில் வாசித்தான். ஒன்பது பெயர். எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது அவன் கேள்விப்படாத ஒன்று. "நாளைக்கு இருபது டாலர் கம்மி. பத்து நாளைக்கு இருநூறு. நம்ம காசுல பத்தாயிரம்ப்பா."

பெரியவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்குச் சரி என்று பொருளில்லை. சொல், கேட்கிறேன் என்று பொருள்.

மருமகள் நோட்டைத் திறந்தாள். குழந்தையின் ரஃப் நோட்டு. பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்திருந்தாள். "ஒன்பது பேர் இல்லைங்க. பார்த்தா மூணு நாலு வீடுதான். ஏவிஸ், பட்ஜெட், ஏபெக்ஸ் மூணும் ஒரே வீடு. என்டர்பிரைஸ், நேஷனல், அலமோ ஒரே வீடு. டாலர், த்ரிஃப்டி ரெண்டையும் ஹெர்ட்ஸ் 2012-லயே வாங்கிட்டான்."

"அதனால?"

"பேரைப் பார்த்து எடுக்க முடியாது. அந்த ஏர்போர்ட்ல அந்தக் கவுன்ட்டரை யார் நடத்துறாங்கன்னு பார்க்கணும். அந்த ஒரு பிராஞ்சைப் பத்தி மட்டும் ஜனங்க எழுதினதைப் படிச்சேன்."

இதை எத்தனை பேர் செய்வார்கள்? பெரிய பெயர் பலகையில் இருக்கும். ஊருக்கு ஊர் அதை நடத்துகிறவர் வேறாக இருப்பார். கிறைஸ்ட்சர்ச்சில் சாவி கொடுக்கிற கைதான் இந்தக் குடும்பத்துக்குக் கம்பெனி. அமெரிக்காவில் இருக்கும் தலைமை அலுவலகத்தை இவர்கள் கண்ணால்கூடப் பார்க்கப்போவதில்லை.

"இந்தக் கம்மி விலைக்காரனுக்கு ஏர்போர்ட்டுக்குள்ள இடமே இல்லை. போன் பண்ணி வேன் வர்ற வரைக்கும் வெளியே நிக்கணும். ராத்திரி பத்தரைக்கு இறங்குறோம். மாமாவை வச்சுக்கிட்டு, குழந்தையை வச்சுக்கிட்டு, மே மாசக் குளிர்ல."

மகன் விரலால் பட்டியலைத் தள்ளினான். அந்தப் பெயர் மேலே போய் மறைந்தது.

டீ வந்தது. ஒன் பை டூ இரண்டு. சிறுமிக்கு உஸ்மானியா பிஸ்கட். ஹகீம்பேட்டைப் பக்கமிருந்து ஒரு பயிற்சி விமானம் தலைக்கு மேலே போனது. பெரியவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு எக்ஸஸ் பற்றிப் பேச்சு வந்தது. வண்டிக்கு அடிபட்டால் முதல் மூவாயிரத்து ஐந்நூறு டாலர் நம் தலையில், அதற்கு மேல் போனால்தான் அவர்கள் பொறுப்பு. ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்குப் பக்கம். அதை இல்லாமல் செய்ய நாளுக்கு இவ்வளவு என்று கம்பெனி கேட்கிறது. பதிவு செய்கிற இணையதளமோ அதில் பாதிக்கும் கீழே 'முழுப் பாதுகாப்பு' தருகிறேன் என்கிறது.

"அப்ப இதையே எடுத்துடலாம்" என்றான் மகன்.

"அது வேறங்க. கம்பெனிகிட்ட எடுத்தா அடிபட்டாலும் சாவியைக் கொடுத்துட்டு வந்துடலாம். இதுல முதல்ல நாம கம்பெனிக்குப் பணம் கட்டணும். ஊருக்கு வந்து இவன்கிட்ட பில்லு, போட்டோ எல்லாம் அனுப்பி வாங்கிக்கணும். கவுன்ட்டர்ல டெபாசிட்டும் முழுசா பிடிச்சு வைப்பான்."

"எந்தக் கார்டுல?"

"ஓட்டுறவர் பேர்ல இருக்கிற கிரெடிட் கார்டுல. டெபிட் கார்டுன்னா பல பேர் சாவியே தர மாட்டாங்களாம்."

லிமிட்டில் அவ்வளவு போய்விட்டால் ஹோட்டலுக்கு என்ன மிஞ்சும் என்று அவன் மனக்கணக்குப் போடுவது உதட்டில் தெரிந்தது.

எனக்கு வாடகை சைக்கிள் கடைகள் நினைவுக்கு வந்தன. கிராயா சைக்கிள் என்போம். கடைக்காரர் நோட்டில் மணி எழுதுவார். அதற்கு முன் யார் வீட்டுப் பையன் என்று கேட்பார். அந்த வீட்டை அவருக்குத் தெரிந்திருந்தால் சைக்கிள் கிடைக்கும். கார் வாடகையும் அப்படிச் சிறிதாகத்தான் தொடங்கியது. 1918-இல் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் என்ற இளைஞர் ஒரு டஜன் ஃபோர்டு மாடல்-டி கார்களை வைத்து வாடகைக்கு விட ஆரம்பித்தார். ஐந்து வருஷத்தில் அதை ஜான் ஹெர்ட்ஸ் வாங்கினார். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்துவிட்டு வந்த வாரன் ஏவிஸ், டெட்ராய்ட் அருகே வில்லோ ரன் விமான நிலையத்தில் 1946-இல் கடை போட்டார். விமானத்தில் வந்து இறங்குகிறவரை அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. யார் வீட்டுப் பையன் என்று கேட்க ஆளில்லாத இடத்தில், கார்டில் பிடித்து வைக்கிற தொகைதான் அந்தக் கேள்வியைக் கேட்கிறது.

"வண்டிக்கு ஸ்டெப்னி உண்டா?"

பெரியவர் முதன்முதலாக வாயைத் திறந்தார்.

"இருக்கும்ப்பா."

"இருக்கும்னா? போட்டிருக்கானா?"

மருமகள் நோட்டில் பக்கம் தள்ளினாள். "ரெண்டு பேர்கிட்ட இல்லை மாமா. பஞ்சர் போடுற மருந்தும் காத்தடிக்கிற பம்பும்தான் வச்சிருப்பாங்களாம். டயரும் கண்ணாடியும் சாதாரண இன்சூரன்ஸ்ல வராது. தனியா எழுதி வாங்கணும்."

"பக்கவாட்டுல கிழிஞ்சா மருந்து என்ன பண்ணும்?" பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "டயர் போச்சுன்னா யார் வருவாங்க? எவ்வளவு நேரத்துல வருவாங்க? அதைக் கேட்டீங்களா?"

பேச்சுப் போக்கில் தெரிந்தது: அவர் இ.எம்.இ.யில் இருந்தவர். 1943-இல் தொடங்கிய படைப்பிரிவு; பட்டாளத்தின் வண்டியும் இயந்திரமும் அவர்கள் பொறுப்பு. அதன் பெரிய பயிற்சிக் கல்லூரி இங்கே திருமலகிரியில்தான். ஜபல்பூரில் செய்த சக்திமான் லாரிகளோடு அவருடைய பாதி வயது போயிருக்கிறது. "காலைல ஃபர்ஸ்ட் பரேட். வழியில நின்னா ஹால்ட் பரேட். ராத்திரி லாஸ்ட் பரேட். வண்டியைச் சுத்தி வந்து பார்க்காம யாரும் ஸ்டார்ட் பண்ண முடியாது. நீ சாவி வாங்கினதும் சுத்தி வந்து நாலு பக்கமும் வீடியோ எடு. டயருக்குள்ள, பம்பருக்குக் கீழே, கூரை மேல. திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி எடு."

மகன் இதை மட்டும் போனில் குறித்துக்கொண்டான்.

தே அனவு ஊரிலிருந்து மில்ஃபோர்டு சவுண்டுக்குப் போகும் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் பெரும்பாலும் போன் சிக்னல் கிடையாது. 1954-இல் திறந்த ஹோமர் சுரங்கம் அந்த வழியில்தான். பனிச்சரிவு விழுகிற மலை. மே முதல் நவம்பர் வரை டயருக்குச் சங்கிலி எடுத்துப் போகச் சொல்லிப் பலகை போட்டிருப்பார்கள். மாலையில் சீக்கிரமே இருட்டிவிடும். மருமகள் இதையெல்லாம் தாழ்ந்த குரலில் வாசித்தாள். ஒரு கம்பெனி சங்கிலியை வாடகைக்குத் தருகிறது, எப்படிப் போடுவது என்று கவுன்ட்டரிலேயே காட்டுகிறது. இன்னொன்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது. குவீன்ஸ்டவுன் அருகே ஸ்கிப்பர்ஸ் சாலையில் ஏறினால் பல கம்பெனிகளின் இன்சூரன்ஸ் அந்த இடத்திலேயே செல்லாது.

"இன்னொண்ணு மாமா. அந்த ஊர்ல மூணாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லையாம்."

"இன்சூரன்ஸ் இல்லாம வண்டி ரோட்டுக்கு வருமா?" பெரியவரால் நம்ப முடியவில்லை.

நிஜம்தான். ஆளுக்கு அடிபட்டால் அரசாங்கத்தின் விபத்து நிதி பார்த்துக்கொள்கிறது. 1974 முதல் நடக்கிறது. சுற்றுலா வந்தவருக்கும் அங்கே சிகிச்சை உண்டு. ஆனால் இடித்த வண்டிக்கும் இடிபட்ட வண்டிக்கும் யார் கொடுப்பது என்பது அவரவர் பத்திரத்தில் இருப்பதைப் பொறுத்தது. ஆகவே அந்த ஒப்பந்தத்தில் அடுத்தவர் சொத்துக்கான பாதுகாப்பு சேர்ந்திருக்கிறதா என்ற ஒரு வரியைத் தேடிப் பிடிக்கவேண்டும். அவள் தேடிப் பிடித்து, கீழே கோடு போட்டிருந்தாள்.

பட்டியலில் இரண்டு பெயர் மிஞ்சின.

"பாப்பாவுக்கு சீட் எதுக்கு? அங்க போய் மூணாம் நாள் ஏழு வயசு ஆயிடும்" என்றான் மகன். தன்னைப் பற்றிய பேச்சு என்று தெரிந்ததும் சிறுமியின் கால் ஆட்டம் நின்றது.

"ஏழாவது பிறந்த நாள் வரைக்கும் கட்டாயம். அதுக்கப்புறமும் ஒரு வருஷம், வண்டியில சீட் இருந்தா உட்கார வைக்கணும். எடுத்துடலாங்க."

"சரி. எடு."

"ரெண்டாவது டிரைவர்னு ஒரு கட்டம் இருக்கே, அது என்ன?" பெரியவர் மகனுடைய போனை எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"அது தேவையில்லைப்பா. அதுக்கும் ஒருத்தன் காசு கேக்கறான். நானே ஓட்டிப்பேன். கிறைஸ்ட்சர்ச்லேருந்து குவீன்ஸ்டவுன் ஐந்நூறு கிலோமீட்டர்கூட இல்லை."

"உனக்குக் காய்ச்சல் வந்தா?"

மகன் சிரித்தான். "வராதுப்பா."

"பேர் எழுதாத ஆள் ஸ்டியரிங்கைத் தொட்டா, நீ கட்டின இன்சூரன்ஸ் எல்லாம் போச்சு. பட்டாளத்துலயும் அதே சட்டம்தான். டியூட்டி ஸ்லிப்புல பேர் இருக்கிறவன்தான் உட்காரணும்."

மகன் பதில் சொல்லவில்லை. எதிரே சிக்னல் விழுந்து கரீம்நகர் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்தது. மருமகள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் எல்லாக் கேள்விக்கும் பக்கம் புரட்டிப் பதில் சொன்னவள், இந்த ஒன்றுக்கு நோட்டைத் திறக்கவில்லை. அவள் விரல் ஃபைலின் பொத்தானைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது.

"சர்வர் ஒச்சிந்தி!" பையன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். மகன் எழுந்து அவளிடமிருந்து ஃபைலை வாங்கப் போனான். அதற்குள் அவளே எழுந்து கவுன்ட்டருக்குப் போய்விட்டாள்.

"எந்தமந்தி மேடம்? ஒக்க செட்டா?"

"ரெண்டு செட்."

ஃபைலிலிருந்து முதலில் கணவனின் பாஸ்போர்ட், லைசென்ஸ், போட்டோக்கள் வந்தன. பிறகு இன்னொரு உறை. அதிலிருந்து அவளுடைய பாஸ்போர்ட். அவளுடைய போட்டோக்கள், மூன்று, புதிதாக எடுத்தவை. கையெழுத்துப் போட்டு முடித்த விண்ணப்பம். திங்கட்கிழமைக்கு அவள் பேரிலும் ஒரு ஸ்லாட் சீட்டு. எல்லாம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

கடைசியாக லைசென்ஸ். ஓரம் தேய்ந்த அட்டை. பையன் அதைக் கண்ணாடிமேல் வைக்குமுன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "ஏபி டென்! பழசு மேடம்." தெலங்கானா பிறப்பதற்கு முன்னால், 2011-இல் எடுத்தது.

மகன் எட்டிப் பார்த்தான். தன் அட்டையையும் பார்த்தான். அதில் 2016.

மெஷினுக்குள் பச்சை வெளிச்சம் ஒருமுறை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது. பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, சூடாக வெளியே வந்த தாளை எடுத்து, எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு. இதை மேல வைம்மா" என்று மருமகளிடம் கொடுத்தார்.

மகன் பெஞ்சில் உட்கார்ந்தான். போனில் எதையோ தொட்டான், நிறுத்தினான், மறுபடி தொட்டான்.

"உன் பேர் லைசென்ஸ்ல எப்படி இருக்கு? இனிஷியல் முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டான்.

அவள் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டே, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தாள்.