பனிக்காலத்துப் பின்னல்

ஆறு மாதப் பனியை ஊசியும் நூலுமாகக் கழித்தவர்கள் லாஹூல் பெண்கள். இப்போது குளிர்காலத்திலும் சாலை திறந்திருக்கிறது. கூடி உட்கார நேரம் இருக்கிறதா?

கேலாங் கடைவீதியில் நிற்கும் பெண்களின் கைகள் சும்மா இருப்பதில்லை. பஸ் வரத் தாமதமானால் போதும், தோள்பையிலிருந்து ஒரு நூல்கண்டும் இருபுறமும் கூரான சில ஊசிகளும் வெளியே வந்துவிடும். கண்கள் எதிரே நிற்கும் தோழியின் முகத்தில் இருக்கும். வாய் ஊர்க்கதை பேசும். விரல்கள் மட்டும் தம்பாட்டுக்குக் கண்ணி மேல் கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகும். பஸ் வந்து ஏறுவதற்குள் ஒரு காலுறை விரலளவு வளர்ந்திருக்கும்.

ஹிமாசலப் பிரதேசத்தின் லாஹூல்-ஸ்பிதி மாவட்டத்துக்குத் தலைநகர் கேலாங். கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேலே, பாகா நதிக்கு மேல் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன ஊர். சற்றுக் கீழே தாண்டி என்ற இடத்தில் பாகாவும் சந்திராவும் கலந்து சந்திரபாகா ஆகின்றன. காஷ்மீருக்குள் நுழையும்போது அதற்குச் செனாப் என்று பெயர். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டம் முழுவதற்கும் மக்கள்தொகை 31,564. சதுர கிலோமீட்டருக்கு 2 பேர்தான். மனிதர்கள் இத்தனை அரிதாக வாழும் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி என்பவள் சாதாரண உறவல்ல.

பனி பெய்யத் தொடங்கினால் இதன் அருமை புரியும். மணாலிக்கும் லாஹூலுக்கும் நடுவே 3,978 மீட்டர் உயரத்தில் ரோதாங் கணவாய் நிற்கிறது. அந்தப் பெயருக்குப் பிணக்குவியல் என்று பொருள் சொல்வார்கள். பனிப்புயலில் சிக்கி அதைக் கடக்க முடியாமல் மாண்டவர்கள் அநேகம். நவம்பர் வாக்கில் கணவாய் மூடிக்கொண்டால் வசந்தம் வரை பள்ளத்தாக்குக்கு வெளியுலகம் கிடையாது. வசதியுள்ள குடும்பங்கள் குலுவில் இருக்கும் தங்கள் இன்னொரு வீட்டுக்குப் போய்விடும். மற்றவர்கள் விறகு, சாண வறட்டி, மாவு, உருளைக்கிழங்கு, உலர்த்திய காய்கறி எல்லாவற்றையும் சேமித்துக்கொண்டு உள்ளே அடைந்துவிடுவார்கள். அவசர நோயாளிகளுக்கு ஹெலிகாப்டர் வரவேண்டும். ஹெலிகாப்டர் வர வானம் மனது வைக்க வேண்டும்.

கோடையில் லாஹூல் பெண்ணுக்கு மூச்சுவிட நேரமிராது. பட்டாணி, உருளைக்கிழங்கு, காலிஃப்ளவர் என்று நான்கு மாதத்துக்குள் ஒரு வருடத்துச் சம்பாத்தியத்தை மண்ணிலிருந்து எடுத்தாக வேண்டும். வயலில் பாதிக்கு மேல் வேலை அவளுடையது. தோழியை வரப்பில் பார்த்தாலும் நின்று பேச முடியாது. சொல்ல நினைத்ததையெல்லாம் பனிக்காலத்துக்கு என்று எடுத்துவைப்பார்கள், உலர்த்திய காய்கறியைப் போல.

பனிக்காலத்தில் வீடு சுருங்கிவிடும். நடுவில் இரும்பு அடுப்பு உள்ள ஒரே அறைக்குக் குடும்பம் குடிபெயரும். அந்த அடுப்புக்கு இங்கே தந்தூர் என்று பெயர். புகைக்குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும். அடுப்பின் மேல் உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர் கொதித்துக்கொண்டிருக்கும். வெயிலடித்தால் மட்டும் தட்டையான மண் கூரையின் பனியைத் தள்ளிவிட்டு மேலே உட்காரலாம். ஒரு வீட்டுக்கு நான்கு பெண்கள் சேர்ந்தால் அன்று அதுதான் சபை. தமிழ்நாட்டில் பூத்தொடுத்துக்கொண்டே தெருக்கதை முழுவதையும் அலசிவிடும் திண்ணைக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. அங்கே மல்லிகை, இங்கே கம்பளி.

இந்தப் பின்னல் லாஹூலுக்கு வந்த வழி விசித்திரமானது. ஜெர்மனியின் மொரேவியன் சபையைச் சேர்ந்த மிஷனரிகள் இருவர், ஹைடேயும் பாகெலும், மங்கோலியாவுக்குப் போகப் புறப்பட்டார்கள். திபெத் வழியாகப் போக அனுமதி கிடைக்கவில்லை. 1856ல் கேலாங்கிலேயே தங்கிவிட்டார்கள். அடுத்து வந்த யாஷ்கே திபெத்திய மொழி கற்று, கல் அச்சகம் நிறுவி, பின்னாளில் 1881ல் வெளியான புகழ்பெற்ற திபெத்திய-ஆங்கில அகராதியைத் தொகுத்தார். உருளைக்கிழங்கை இந்தப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தவர்களும் இந்த மிஷனரிகள்தான்.

ஹைடேயை மணக்க 1859ல் வந்து சேர்ந்தவர் மரியா. தென் அமெரிக்காவின் சுரினாமில் பிறந்து, ஜெர்மனியில் வளர்ந்தவர். இமயமலையின் இந்த மூலையில் அவர் சுமார் 40 ஆண்டுகள் வாழ்ந்தார். உள்ளூர்ப் பெண்களைக் கூட்டிவைத்து ஊசியால் பின்னக் கற்றுக்கொடுத்தார். லாஹூல் பெண்களுக்குக் கம்பளி புதிதல்ல. ஆட்டு ரோமத்தைத் தக்களியில் நூற்பதும் தறியில் நெய்வதும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வேலைகள். ஊசிப் பின்னல்தான் புதிது. அதற்குத் தறி வேண்டாம், தனி இடம் வேண்டாம். அடுப்படியில் உட்கார்ந்தும் செய்யலாம், ஆட்டின் பின்னால் நடந்துகொண்டும் செய்யலாம். பாதியில் மடித்து இடுப்பில் செருகலாம். மிஷனரிகளின் மதத்தில் சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். உருளைக்கிழங்கையும் ஊசியையும் பள்ளத்தாக்கு முழுவதும் ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொண்டதைத் தனதாக்கியும் கொண்டது. லாஹூல் காலுறையைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். பாதப் பகுதி அடக்கமாக இருக்கும். கணுக்காலுக்கு மேலே வண்ணங்கள் வெடிக்கும்: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை என்று கட்டங்களும் முக்கோணங்களும் வரிசை வரிசையாக ஏறும். இது அழகுக்கு மட்டும் செய்ததல்ல. வெளியே தெரியாத வண்ண நூல் உட்புறமாக ஓடி வருவதால் துணி இரட்டைக் கனமாகிறது. பனியில் நடப்பவனின் காலுக்கு அந்த இரண்டாவது சுவர் தேவை.

இந்தக் கோலங்களுக்குப் புத்தகமில்லை. எந்த வரிசையில் எத்தனை கண்ணி சிவப்பு, எத்தனை கண்ணி வெள்ளை என்பது பின்னுபவளின் தலைக்குள் இருக்கிறது. அம்மாவின் கையுறையைப் பார்த்து மகள் எண்ணுவாள். கல்யாணமாகி வேறு கிராமத்துக்குப் போனவள் பிறந்த வீட்டுக் கோலத்தை அங்கே கொண்டுபோவாள். அங்கே மச்சினியின் கோலம் ஒன்றைக் கற்றுக்கொள்வாள். சில மைல் தொலைவிலேயே மொழி மாறிவிடுகிற பள்ளத்தாக்கு இது. பட்டனி, தினன், புனன் என்று பேச்சு வேறுபடும். கோலங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

குழந்தைகளுக்குப் பனிக்காலம் என்றால் பள்ளிக்கூட விடுமுறை. பாட்டியின் எதிரில் இரு கைகளையும் நீட்டிக்கொண்டு உட்காருவது முதல் பாடம். கைகளில் மாட்டிய நூல்சிட்டத்தைப் பாட்டி உருண்டையாகச் சுற்றுவாள். கை வலிக்கும், அசையக்கூடாது. அசையாமல் இருக்கக் கூலி ஒரு கதை. நூல் முடியும்போது கதையும் முடியும் என்பது ஏற்பாடு. சிறிதாகிப்போன ஸ்வெட்டரைப் பிரித்தெடுத்த நூல் சுருண்டு சுருண்டு நிற்கும். அதை நனைத்து, கொடியில் தொங்கவிட்டு நேராக்குவார்கள். அண்ணனின் ஸ்வெட்டர் தங்கையின் கையுறையாகும், மிச்சம் ஒரு பொம்மைத் தொப்பியாகும். பின்னல் பழகும் பெண் ஒரு கண்ணியைத் தவறவிட்டால், பாட்டி சத்தம் போடாமல் மூன்று வரிசையை உருவிப் பிரித்துவிட்டுத் திரும்பக் கையில் கொடுப்பாள். கேலாங்கை விட்டு சண்டீகருக்கும் டெல்லிக்கும் படிக்கப்போன லாஹூல் பெண்கள், நூல் உருவப்படும் அந்தச் சரசரப்பை மறப்பதில்லை.

கஷ்டமான இடம் குதிகால். நேராக இறங்கி வரும் குழாய் அங்கே திரும்ப வேண்டும். கணக்குத் தப்பினால் காலுறை கோணிக்கொள்ளும். குதிகால் சரியாக வராதவள் அதுவரை பின்னி, கைவந்த தோழியிடம் கொடுப்பாள். தோழி திருப்பிக் கொடுக்கும்வரை அவள் வீட்டுக் குழந்தையை இவள் பார்த்துக்கொள்வாள். ஜனவரியில் ஹால்டா விழாவின் தீப்பந்தங்கள் இருட்டில் ஊர்வலமாகப் போகும்போதும், பிப்ரவரியில் பாக்லிக்கு வீடு வீடாக விருந்து நடக்கும்போதும் புதுக் காலுறைகள் வெளியே வரும். யாருடைய குதிகால் யார் கைவண்ணம் என்று பெண்களுக்குத் தெரியும்.

இந்த உலகத்தின் கதவை உடைத்ததும் ஒரு நட்புதான். லாஹூலைச் சேர்ந்த டாஷி தாவா, அடல் பிகாரி வாஜ்பாயியின் இளமைக்கால நண்பர். 1998ல் டெல்லிக்குப் போய், பிரதமராகிவிட்ட நண்பரிடம், மலையைக் குடைந்து எங்களுக்கு வழி செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சுரங்கப்பாதை அமைக்கும் முடிவு 2000 ஜூனில் வந்தது. பாதை திறந்தது 2020 அக்டோபர் 3ல். இருவருமே அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை மணாலிக்கும் லேவுக்கும் இடையிலான தூரத்தில் 46 கி.மீ.யைக் குறைத்தது. பிரசவ வலி எடுத்தவள் இனி வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதில்லை. இதைவிடப் பெரிய வரம் லாஹூலுக்கு வேறு கிடைத்ததில்லை.

அதே குகை வழியாகக் குளிர்காலத்தில் கார்களும் வருகின்றன. சுரங்கத்தின் வடக்கு வாயிலை ஒட்டிய சிஸ்ஸூவில் பனி பார்க்க வரும் கூட்டம். முன்பு மூடிக்கிடந்த மாதங்களில் இப்போது தேநீர்க்கடை, தங்கும் விடுதி, வாடகை கம்பளிக்கோட்டு வியாபாரம். பணம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் பனிக்காலம் என்பது லாஹூலில் வேலையில்லாக் காலம் மட்டுமல்ல, தேவர்களும் மனிதர்களும் ஓய்ந்திருக்கும் காலம். அதனால்தான் விழா நாட்களில் சுற்றுலாக் கேளிக்கைகள் வேண்டாம் என்று சிஸ்ஸூ பக்கத்து மக்கள் கேட்டிருக்கிறார்கள்.

பின்னலுக்கும் இதே இருமுகம்தான். 2021ல் லாஹூலின் கைப்பின்னல் காலுறைக்கும் கையுறைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பதிவு செய்யும் அலுவலகம் இருப்பது சென்னையில். இனி வேறெங்கோ செய்ததை லாஹூல் பெயரில் விற்பது சட்டப்படி குற்றம். சுய உதவிக் குழுக்களில் பெண்கள் சேர்ந்து பின்னுகிறார்கள். முன்பு உறவினருக்கும் விருந்தினருக்கும் பரிசாகப் போனதற்கு இப்போது விலை உண்டு. அந்த விலை பின்னியவள் கைக்கு வருகிறது. ஆனால் ஆர்டர் என்று வந்துவிட்டால் தேதி உண்டு, அளவு உண்டு, இன்ன நிறம்தான் என்ற நிபந்தனை உண்டு. மணாலிக் கடைகளில் இயந்திரப் பின்னல் மலிவாகக் குவிந்து கிடக்கிறது. பல நாள் உழைப்பு அதோடு போட்டி போட வேண்டும். கதை சொல்லிக்கொண்டே பின்னும் வேகம் அதற்குப் போதாது.

கதையில்லாமல் பின்னினால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் கோலத்துக்குத்தான். அது காகிதத்தில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்க்க ஒரு மகளோ தோழியோ இருக்கும்வரைதான் உயிரோடிருக்கும்.

மணாலியிலிருந்து கேலாங் இப்போது சுமார் 70 கி.மீ. கோடையில் சில மணி நேரப் பயணம். குளிர்காலத்தில் சுரங்கம் திறந்திருந்தாலும் அதைத் தாண்டிய சாலையில் பனிச்சரிவு அபாயம் உண்டு. நிர்வாகத்தின் எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டுதான் புறப்பட வேண்டும். கடைவீதியில் காலுறை வாங்கினால் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வண்ண நூல்கள் குறுக்கே ஓடும், மூட்டுத் தையல் இருக்காது. விலை கேட்பதற்கு முன், யார் பின்னியது என்று கேளுங்கள். கணுக்காலுக்கு மேலே ஒருத்தி, குதிகால் இன்னொருத்தி என்று பதில் வந்தால் பேரம் பேசாமல் வாங்கிவிடலாம்.