காணாமல் போன வெளிச்சம்

சென்ற மாதம் ஒரு நாள் காலை, வடாம் மாவோடு மொட்டை மாடிக்குப் புறப்பட்ட என் மனைவி பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

"இன்றைக்குக் காயாது. காற்றில் ஈரம் ஜாஸ்தி" என்றாள்.

வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"உப்பு ஜாடியைப் போய்ப் பாருங்களேன்."

பார்த்தேன். உப்பு கசிந்திருந்தது.

ஜாடி சமையலறைக் காற்றைச் சொல்லும், சரி. தலைக்கு மேலே மைல் கணக்கில் நிற்கிற ஆகாயம் எவ்வளவு நீரைச் சுமக்கிறது என்று யார் சொல்வது? நீராவிக்கு நிறமில்லை, உருவமில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் அது அகப்பட்டுக்கொள்கிறது. சிவப்புக்கு அப்பாலும் சூரிய கிரணம் உண்டு என்பதை வில்லியம் ஹெர்ஷல் 1800-ல் ஒரு வெப்பமானியை வைத்தே கண்டுபிடித்தார். அதுதான் அகச்சிவப்பு.

அமெரிக்காவில், கலிபோர்னியாவிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடம் 'அவிரிஸ்' என்று ஒரு கருவியைச் செய்து, 1987-லிருந்து ஆராய்ச்சிப் பணியில் பறக்கவிட்டது. ஈ.ஆர்.-2 விமானத்தில் ஏறி, சுமார் 20 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது கீழே பார்க்கும். ஆகாயத்து நீராவி அநேகமாக முழுவதும் அதற்குக் கீழேதான். தரையில் பட்டுத் திரும்பும் வெயிலை அந்தக் கருவி 224 கூறாகப் பிரிக்கிறது. 940 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய கூறுகளில் வெளிச்சம் குறைந்து வருகிறது. நடுவழியில் அதைக் குடித்தது நீராவி.

தரையே கறுப்பாக இருந்தாலும் வெளிச்சம் குறையுமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அடுக்களையில் மூன்று டம்ளர் பால் வரிசையாக இருக்கிறது. மூன்றும் குறைந்திருந்தால் பால்காரர் அளந்தது அவ்வளவுதான். இரு பக்கமும் சரியாக இருந்து நடு டம்ளர் மட்டும் குறைந்திருந்தால் அது பூனையின் வேலை. எவ்வளவு குடித்தது என்பதைப் பக்கத்து டம்ளர்கள் சொல்லிவிடும். அப்படியே, நீராவி தொடாத பக்கத்து அலைநீளங்களோடு ஒப்பிட்டு அளவைக் கணக்கிடும் வழியை போ-காய் காவோவும் அலெக்ஸாண்டர் கெட்ஸும் 1990-ல் வெளியிட்டார்கள்.

கணக்கின் விடை சென்டிமீட்டரில் வருகிறது. பூமியின் மேலுள்ள ஆவி முழுவதையும் நீராக்கிச் சமமாகப் பரப்பினால் சராசரி 2.5 சென்டிமீட்டர்தான் தேறும். பெருவிரல் அகலம்! மழையெல்லாம் அதிலிருந்துதான். பூமியின் உஷ்ணம் இரவில் ஒரேயடியாக ஓடிவிடாமல் போர்த்திக் காப்பதும் பெரும்பாலும் அதுதான். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவிகிதம் அதிக ஆவியைத் தாங்கும். அந்த ஆவி இன்னும் சூட்டைப் பிடித்து வைக்கும். அளந்து வைப்பது வெறும் பொழுதுபோக்கல்ல.

இதையெல்லாம் படித்த இரவு எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் காலமான புதிதில் தினமும் விடியற்காலை நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதற்குச் சற்று முன்னால் பால்காரரின் சைக்கிள் மணி. பின்னால் கோவில் மணி. இரண்டும் எப்போதும் போலவே கேட்டன. நடுவில் கிணற்றடியில் வாளி உருளும் சத்தம் மட்டும் இல்லை. அவர் இருந்த முப்பது வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டதாக நினைவில்லை. அந்த இரண்டு மணிகளுக்கு நடுவில்தான் அவர் எவ்வளவு இருந்தார் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை மனைவி ஜாடியைத் திறந்து பார்த்தாள். "இன்றைக்குக் காயும்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள். நானும் பாயை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.