கடைசிப் பக்கத்துக் குறிப்பு

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் நான்கு சமையல் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றுள் மூன்றில், எழுதியவர்களின் கையெழுத்து உண்டு. நான்காவதில் இல்லை. அது, 1978-இல் எனக்குத் திருமணமாகிக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது அம்மா பெட்டியின் அடியில் வைத்து அனுப்பிய 'சமைத்துப் பார்'. அதை எழுதிய எஸ். மீனாட்சி அம்மாள் 1962-இலேயே காலமாகிவிட்டார். இளம் வயதில் கணவரை இழந்த அந்த அம்மையாரை, வழக்கறிஞராக இருந்த உறவினர் கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர் தூண்டி எழுதச் செய்ததால் 1951-இல் வெளிவந்த நூல் அது. ஆழாக்கும் பலமுமாக அளவு சொல்லிய அந்தப் புத்தகத்தை நம்பித்தான், சாம்பாருக்கும் ரசத்துக்கும் வேற்றுமை தெரியாத எத்தனையோ பெண்கள் டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடித்தனம் தொடங்கினார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. அந்த அம்மையாரை நேரில் கண்டு, "உங்கள் மைசூர்பாகு எனக்கு மட்டும் ஏன் கல்லாகிறது?" என்று கேட்க முடியாமல் போனது எனக்கு ஒரு குறைதான். மற்ற நூலாசிரியர்களைத் தேடிக்கொண்டு நான் போகத் தொடங்கியதற்கு அந்தக் குறையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சமையல் புத்தகம் எழுதியவரிடம் கையெழுத்தா என்று சிரிப்பவர்கள் உண்டு. என் கணவர் அவர்களில் முதல்வர். கல்கத்தாவில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கும். 1976-இல் தொடங்கியது. வங்காளியில் அதற்குப் பெயர் 'பொய் மேளா'. அவர்கள் சொல்லும் ஒலியைத் தமிழில் எழுத வழியில்லை. தமிழ்க் காதில் பொய் என்றுதான் விழும். "பொய் மேளாவுக்குப் போய் உப்பு எவ்வளவு என்று மெய் கேட்கப் போகிறாயா?" என்பார். ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் இதைச் சொல்வார். நாங்களும் தவறாமல் சிரிப்போம்.

ஆனால் அந்த வரிசையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கதாசிரியருக்கு முன் நிற்கும் வரிசை போன்றதன்று. கதாசிரியரிடம் போகிறவர்கள் வாய் பேசாமல் நின்று, கையெழுத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். சமையல் நூலாசிரியரிடம் போகிறவர்கள் வழக்குத் தொடுப்பார்கள். நீங்கள் சொன்னபடியே கிளறினேன், பால் ஏன் திரிந்தது? வெல்லம் எப்போது சேர்ப்பது என்று ஏன் எழுதவில்லை? ஒரு சிட்டிகை என்றால் யார் விரலால்? அந்த அம்மையாரும் பேனாவை மூடிவைத்துவிட்டு, பாலை எந்தப் பாத்திரத்தில் காய்ச்சினாய், அடுப்பு கரியடுப்பா காஸ் அடுப்பா என்று மருத்துவர் போல் விசாரிப்பார். வரிசை நகராது. எவரும் முணுமுணுக்கவும் மாட்டார்கள். முன்னால் நிற்பவளின் கேள்வியே பின்னால் நிற்பவளின் கேள்வியுமாக இருக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். சிலர் புதுப் பிரதி வாங்கி நீட்டுவார்கள். சிலர் வீட்டுப் பிரதியையே, மஞ்சளும் எண்ணெயும் படிந்த அந்தப் பிரதியையே, தயங்கித் தயங்கி எடுப்பார்கள். கறைபட்டதைக் கண்டால்தான் ஆசிரியைக்கு முகம் மலரும். புத்தகத்தை மேசைமேல் நிறுத்தி, தானாக எந்தப் பக்கத்தில் விரிகிறது என்று பார்ப்பார். என்னுடையது முதல் முறை வாழைப்பூவில் விரிந்தது. லேக் மார்க்கெட்டில் அருமையான வாழைப்பூ கிடைக்கும். நாம் உசிலி செய்வதை அவர்கள் உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்த்து 'கண்டோ' என்று சமைப்பார்கள். "தென்னிந்தியரா? வாழைப்பூவைக் கள்ளன் எடுத்துச் சுத்தம் செய்ய உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை" என்று வங்காளியில் சொல்லிக் கையெழுத்திட்டார். அது 1984. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. பின்னால் சொல்லப்போவதில் அவருக்கு ஒரு பொறுப்பும் இல்லை.

இப்படி நான் போய்வந்தவை மூன்று. போக எண்ணிப் போகாமற்போனவை எத்தனை என்று கணக்கில்லை. காரணம் எப்போதும் ஒன்றுதான். மூத்தவள் 1981-இலும் சின்னவன் 1985-இலும் பிறந்தார்கள். இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் நோய் விருந்தாளியைப் போல வந்து போவதில்லை, குடியிருந்துவிடுகிறது. பெரியவளுக்குக் காய்ச்சல் விட்ட அன்று சின்னவனுக்கு உடம்பு சுடும். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, மழைக்காலத்து வயிற்றுப்போக்கு, குளிர்காலத்து இருமல் என்று பஞ்சாங்கம் போல முறை வைத்து வந்தன. சேலை கட்டிக்கொண்டு வாயிற்படி வரை சென்று, "அம்மா, வாந்தி வருது" என்ற குரல் கேட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு. குளியலறை வாளியும், தலைமாட்டில் பாதரச வெப்பமானியும், நொய்க்கஞ்சியின் மணமுமாகவே அந்த ஆண்டுகள் என் நினைவில் இருக்கின்றன.

நோயாளிக் குழந்தைக்குச் சமைப்பது தனிக் கலை. கஞ்சி, மிளகு ரசம், சுட்ட அப்பளம், நாரத்தங்காய் ஊறுகாயில் நாக்கு நுனிக்கு ஒரு துளி என்று அம்மாவின் வீட்டு முறை ஒன்று. மாடியில் குடியிருந்த வங்காளி மூதாட்டியின் முறை மற்றொன்று. அவரை மாஷிமா என்று அழைப்போம். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் சிங்கி மீன் சாறு கொடுத்தால் தெம்பு வரும் என்பார். நாங்கள் மீன் தொடமாட்டோம் என்று தெரிந்த பிறகு, 'தான்குனி' என்று ஒரு கீரையை அரைத்துக் கொண்டுவந்தார். பார்த்தால் நம் வல்லாரை! நம் ஊரில் ஞாபகசக்திக்குக் கொடுப்பதை அவர்கள் வயிற்றுக்குக் கொடுக்கிறார்கள். கையெழுத்திட்ட புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். நாற்பது பேருக்கு விருந்து வைக்க வழி சொல்லியிருந்தார்கள். நாக்கு கசந்து, கண்ணைத் திறக்காமல் கிடக்கும் ஒரு குழந்தைக்கு என்ன கொடுப்பது என்று ஒரு பக்கமும் இல்லை.

1988 ஜனவரி இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஆசிரியை தம் இரண்டாவது புத்தகத்துக்காக மைதானத்துக் கண்காட்சிக்கு வருவதாகத் தெரிந்தது. சின்னவனுக்கு வெள்ளி இரவிலிருந்து வயிற்றுப்போக்கு. ஞாயிறு காலையில் சற்றுத் தேவலை. எழுந்து உட்கார்ந்து தீப்பெட்டிகளை அடுக்கி ரயில் விட்டான். "நான் பார்த்துக்கறேன், நீ போயிட்டு வா. நாலு மாசமா வீட்டை விட்டு நீ வெளியே போகல" என்றார் கணவர். உண்மைதான். நான் புறப்படுமுன் அவரிடம் சொல்லிவிட்டுப் போனது எனக்கு இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "வயித்துக்கு ஓய்வு கொடுங்க. தண்ணி கேட்டா நாக்கை நனைக்கிற அளவு போதும். குடிச்சா அப்படியே வெளியே போயிடும்." எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டு நான் வளர்ந்தது அது. அதில் எனக்கு ஐயமே இருந்ததில்லை.

காளிகாட்டில் சுரங்க ரயில் ஏறினேன். அந்தப் பாதை திறந்து அப்போது இரண்டு ஆண்டுகள் கூட ஆகவில்லை. ஆசிரியை வரத் தாமதமாயிற்று. வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். அது எனக்கு அலுப்பாக இல்லை; மாறாக, யாரும் அம்மா என்று கூப்பிடாத இரண்டு மணி நேரமாக இருந்தது. கையெழுத்து வாங்கிய பிறகும் உடனே திரும்பவில்லை. வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டு, புல்தரையில் உட்கார்ந்து புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினேன். இந்த ஒரு மணி நேரத்தைத்தான் பிற்பாடு என்னால் மன்னிக்க முடியவில்லை.

வீடு திரும்பியபோது மாலை ஏழு மணி. குழந்தை கட்டிலில் சுருண்டு கிடந்தான். கண்கள் குழிவிழுந்திருந்தன. என்னைக் கண்டு அழுதான், கண்ணீர் வரவில்லை. நாக்கு காய்ந்து கிடந்தது. பகலில் நான்கு முறை போயிற்று என்றார் கணவர். நண்பகலுக்குப் பின் சிறுநீர் கழிக்கவே இல்லை. நான் சொன்னபடியே அவர் செய்திருந்தார். தண்ணீர் கேட்டு அழுதபோதெல்லாம் ஈரத் துணியால் உதட்டைத் துடைத்திருந்தார்.

மாஷிமா தான் தெருமுனை மருத்துவரை அழைத்துவரச் செய்தார். அவர் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். மடிப்பு மெல்லத்தான் மறைந்தது. தண்ணீர் கொடுத்தீர்களா என்று கேட்டார். நான் என் விளக்கத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை என்று தோன்றிற்று. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீர், தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இவ்வளவுதான் என்றார். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து போனால் குடல் அவற்றோடு தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். போக்கு நிற்காவிட்டாலும் உடம்பு வற்றாது. நிமிடத்துக்கு ஒரு கரண்டி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடியும் தொடங்க வேண்டும். நள்ளிரவுக்குள் தெளியாவிட்டாலோ, குடிக்க மறுத்தாலோ மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்றார். குறித்துக்கொள்ளக் காகிதம் தேடினேன். கைப்பையில் இருந்தது அன்று வாங்கிய புத்தகம்தான். அதன் கடைசி வெற்றுப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். கை நடுங்கியதால் 'உப்பு' என்ற சொல் இன்றும் கோணலாகவே இருக்கிறது.

அன்றிரவு நானும் கணவரும் முறை வைத்து ஊட்டினோம். மூத்தவள் விழித்தபடியே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பதினொரு மணிக்கு அவன் கரண்டியைத் தானே எட்டிப் பிடித்தான். இரண்டு மணிக்குப் பிறகு என் மடி நனைந்தது. அதுபோல் ஓர் ஆனந்தத்தை நான் எந்தக் கோயிலிலும் அடைந்ததில்லை. நனைந்த சேலையை மாற்றிக்கொள்ளத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மருத்துவர் வந்தபோது, நான் வெளியே போயிருக்கக்கூடாது என்று அழுதேன். நீங்கள் வீட்டில் இருந்திருந்தாலும் தண்ணீர் கொடுத்திருக்க மாட்டீர்களே என்றார். அவர் ஆறுதலாகச் சொன்னாரா, கண்டித்துச் சொன்னாரா என்பது எனக்கு விளங்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. போனது தவறு என்று எண்ணிக்கொள்வது எளிதாக இருந்தது. என் தாயும் பாட்டியும் சொன்னது தவறு என்று எண்ணுவது அத்தனை எளிதாக இல்லை. ஆறு ஆண்டுகள் எந்தக் கையெழுத்துக்கும் நான் போகவில்லை.

1994-இல் சின்னவன்தான் இழுத்துக்கொண்டு போனான். ஒன்பது வயது. அதே ஆசிரியை, தலை முழுதும் நரைத்திருந்தது. புத்தகத்தை வழக்கம்போல் மேசைமேல் நிறுத்தினார். அது கடைசிப் பக்கத்தில் விரிந்தது. தமிழ் எழுத்தை அவரால் படிக்க முடியவில்லை, என்னவென்று கேட்டார். சொன்னேன். நோயாளிகளுக்கென்று ஒரு பகுதி நீங்கள் எழுதக்கூடாதா என்றும் கேட்டேன். தம் வீட்டுக் கைப்பிரதியில் அப்படி இருபது பக்கம் இருக்கிறது என்றும், அதைப் போட்டால் மணமகளுக்குப் பரிசளிக்க யார் வாங்குவார்கள் என்று பதிப்பாளர் நீக்கிவிட்டார் என்றும் சொல்லிச் சிரித்தார். அந்தப் பக்கத்திலும் கையெழுத்திடும்படி மகன் கேட்டான். "இது என் பக்குவமல்லவே, அப்பா" என்று தலையை அசைத்துவிட்டு, முதல் பக்கத்துக்குத் திருப்பி அவன் பெயரை எழுதினார்.

அது யாருடைய பக்குவம் என்பதை 2022 அக்டோபரில்தான் அறிந்தேன். மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் தம் 87-ஆம் வயதில் கல்கத்தாவில் காலமான செய்தியைப் பத்திரிகையில் படித்தேன். 1971-இல் வங்கதேசப் போரின்போது போங்கான் எல்லையில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. அவர் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து பீப்பாய்களில் நிரப்பிவைத்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் மாண்ட இடத்தில் நான்கு பேருக்கும் குறைவாகக் குறைந்தது. 'லான்செட்' இதழ் 1978-இல் இதை அந்த நூற்றாண்டின் மிகப்பெரிய மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியதாம். 2023-இல், மறைவுக்குப் பின், பத்ம விபூஷண் அறிவித்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே ஊரில் நானும் இருந்திருக்கிறேன். வாழைப்பூவுக்காக இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றவள், அவர் வீட்டு வாசலில் ஒரு முறை நின்றதில்லை.

அந்தக் கலவையின் அளவு 2002-இல் உலக சுகாதார நிறுவனத்தாரால் மாற்றப்பட்டது. இப்போது அளந்து கட்டிய பொட்டலமே எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது, அதுவே நல்லது. கூடவே துத்தநாகம் பத்து முதல் பதினான்கு நாள் கொடுக்கிறார்கள். என் கோணல் எழுத்துக்கு இனி வேலையில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு பதினோரு மணிக்குப் புனேயிலிருந்து மகன் பேசினான். நான்கு வயதுப் பேரனுக்கு வயிற்றுப்போக்காம். குரலில் பதற்றம் தெரிந்தது.

"மூத்திரம் போனானா?" என்றேன்.

"இப்பதாம்மா போனான். என் மடியிலேயே."

"சேலையா, வேட்டியா?" என்று கேட்டுவிட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. "என்னம்மா கேக்கறே?" என்றான். ஒன்றுமில்லை, பொட்டலம் கரைத்தாயிற்றா என்று கேட்டேன். கரைத்தாயிற்று, மருமகள் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருக்கிறாள் என்றான். போனை வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிரு என்றேன். கரண்டி கிண்ணத்தில் படும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.