பழைய வண்டியும் புதிய ஆசனமும்

எம்மிடம் ஒரு சிறிய மோட்டார் வண்டி உண்டு. ஜப்பான் தேசத்திலே பிறந்து, அங்கே யாரோ ஒருவருக்குச் சில ஆண்டுகள் ஊழியஞ் செய்து, பின் கப்பலேறி இலங்கைக்கு வந்து, இரண்டு கை மாறி எம் கைக்குச் சேர்ந்தது. நிறம் மங்கிவிட்டது. மாரிகாலத்திலே பின்கதவு முனகும். ஆயினும் கதிரவெளியிலிருந்து மட்டக்களப்புக்கும், அங்கிருந்து வீட்டுக்குமாக எம் குடும்பத்தைச் சுமந்த இத்தனை ஆண்டுகளில் அது ஒருநாளேனும் எம்மை நடுவழியில் விட்டதில்லை. ஆகவே அதனை வீட்டில் ஒருவராகவே நாம் மதித்து வந்தோம்.

எம் ஊர் வீதியைப் பற்றியும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நாம் இளைஞராயிருந்த காலத்தில் திருகோணமலைக்குப் போவதென்றால், வெருகலாற்றங்கரையில் வண்டிகள் வரிசையாய் நிற்கும். ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவை அக்கரையிலிருந்து வரும்வரை காத்திருந்து, அதில் ஏறிக் கடப்போம். அவசரப்பட்டும் பயனில்லாத காலம் அது. போர் ஓய்ந்த பின் ஆற்றுக்குப் பாலம் வந்தது. வீதியும் ‘காபட்’ வீதியாயிற்று. மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் கடந்து போகின்றன. வேகம் வந்தது, வேகத்தோடு விபத்தும் வந்தது. நெடுஞ்சாலையில் பாய்ந்து வரும் வண்டிக்குக் குறுக்கே, கிரவல் ஒழுங்கைகளிலிருந்து உழவு இயந்திரமும் மாட்டு மந்தையும் மணல் லொறியும் திடீரென முளைக்கும்.

சென்ற ஆண்டு வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியை ஓட்டியவர் மருமகன். இடப்பக்க முன் ஆசனத்தில் எம் இல்லாள். பின்னால் நாமும் மகளும் எட்டு வயதுப் பேத்தியும். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையிலிருந்து மீன் ஏற்றிய சிறு லொறி ஒன்று, நில்லாமல் வீதிக்கு ஏறிற்று. அடுத்த கணம் இடப்பக்கக் கதவு உட்குழிந்து, கண்ணாடி நொறுங்கி மடியெல்லாம் கொட்டிற்று. உயிருக்கு ஆபத்தில்லை. இல்லாளின் இடக்கை எலும்பிலே வெடிப்பு; ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார். கதவைக் கராஜில் தட்டி நிமிர்த்தி வர்ணம் பூசியாயிற்று. ஆனால் மருமகனின் முகத்தில் விழுந்த வாட்டம் மட்டும் நிமிரவில்லை. பிழை அவருடையது அன்று என்று எல்லோரும் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொள்ளவில்லை.

2004 டிசெம்பரிலே கடல் எழுந்து வந்ததைக் கண்டவர்கள் நாம். 2006 நவம்பரிலே, எம்மூர்ப் பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்த நாளையும் மறந்தோமில்லை. அவற்றுக்கெல்லாம் தப்பிய உயிரை ஒரு மீன் லொறிக்குக் கொடுப்பதா என்று இல்லாள் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். மருமகன் சிரிக்கவில்லை.

புதிய வண்டி வாங்கலாம் என்றால், அதற்கு வழியில்லை. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. அதுவும் பெருந் தீர்வையோடு. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டிகளே பொன் விலை விற்றன. எம்மைப் போன்றோர் உள்ளதைப் பேணிக் காப்பதொன்றே வழி.

இந்நிலையில் மருமகன் சொல்லாமற் கொள்ளாமற் கொழும்புக்குப் போய் வந்தார். மறுநாள் லொறியொன்றில் இரண்டு ஆசனங்கள் வந்து எம் விறாந்தையில் இறங்கின. பழைய உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தையில் வாங்கினாராம். எம் வண்டியின் இனமே. ஆனால் விலை கூடிய வகையிலிருந்து கழற்றியவை. சாய்மானத்தின் வெளிப்புற ஓரத்தில் சிறு சீட்டு ஒன்று தைக்கப்பட்டிருந்தது.

“மாமா, இந்தச் சீற்றுக்குள்ள காற்றுப்பை இருக்கு. பக்கத்தால இடிச்சா விரிஞ்சு ஆளைத் தாங்கும். எங்கட வண்டிக்கு அப்படியே பொருந்தும்” என்றார்.

எமக்கு அளவில்லா மகிழ்ச்சி. பேத்தி அதில் ஏறியமர்ந்து, விறாந்தையிலேயே யாழ்ப்பாணம் வரை போய் வந்தாள். இல்லாள் தாம் பூப்போட்டுத் தைத்த பழைய உறையைக் கொணர்ந்து, புதிய ஆசனத்துக்கு அளவு பார்த்தார். மருமகன் முகத்திலும் பல மாதங்களுக்குப் பின் ஒளி தெரிந்தது.

மட்டக்களப்பிலே மோட்டார் மின்வேலையில் தலை நரைத்த பெரியவர் ஒருவர் எமக்குப் பழக்கம். பூட்டித் தருமாறு ஆசனங்களை அவரிடம் கொண்டு சென்றோம். அவர் ஆசனத்தைக் குப்புறக் கவிழ்த்து, அடியில் தொங்கிய மஞ்சள் நிறப் பிளக்கைக் கையால் தொடாமலே காட்டினார்.

“தம்பி, பை இருக்குது, சரி. எப்ப விரியவேணும் எண்டு அதுக்கு ஆர் சொல்லுறது?”

மருமகன் விடை சொல்லவில்லை. பெரியவர் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல விளக்கினார். அவர் சொன்னதை எமக்கு விளங்கியவாறு இங்கே எழுதுகின்றோம்.

முன்னால் மோதும்போது மனிதனுக்கும் மோதும் பொருளுக்கும் இடையே வண்டியின் மூக்கு முழுவதும் இருக்கிறது. அது நசுங்கும் நேரம் நமக்குக் கிடைக்கும் அவகாசம். பக்கவாட்டில் ஒரு கதவின் கனம் மட்டுமே உண்டு. ஆகவே, ஒரு விநாடியை ஆயிரங் கூறாக்கினால், அதில் பத்து இருபது கூறுக்குள் பக்கப் பை விரிந்தாக வேண்டும். கண் ஒருமுறை இமைக்க நூறு கூறுக்கு மேல் ஆகிறது. இவ்வளவு விரைந்து முடிவெடுப்பதற்காகக் கதவை அடுத்த நடுத்தூணிலோ கதவினுள்ளோ உணர்கருவிகளை வைத்திருப்பார்கள். அவை அதிர்ச்சியை அளந்து, வண்டியின் நடுவிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும். அந்தப் பெட்டியோ, குறித்த வண்டியின் உடல் எவ்வாறு நசுங்கும் என்பதைப் பல மோதற் பரிசோதனைகளிலே கண்டறிந்து, அதற்கென்றே கணக்கு எழுதப்பட்ட பெட்டி. எம் வண்டியின் தூணில் உணர்கருவி இல்லை. எம் பெட்டிக்கு முன்பக்கப் பைகளை மட்டுமே தெரியும். அப்படியிருக்க, ஆசனத்தினுள் உறங்கும் பை ஏட்டுச் சுரைக்காய் போன்றதே.

“சந்தையில ஒரு வழி சொன்னாங்கள்” என்று மருமகன் தயங்கித் தயங்கிச் சொன்னார். முன்பக்கப் பைக்குப் போகும் வயரிலிருந்து ஒரு கிளை எடுத்துக் கொடுக்கலாமாம். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், சிறு தடையி ஒன்றை மாட்டி அதை அணைத்துவிடலாமாம்.

பெரியவர் தலையை ஆட்டினார். கிளை எடுத்தால், முன்னால் மோதும்போது வேண்டாத பக்கப் பையும் வெடிக்கும். பக்கத்தில் மோதும்போது எதுவும் வெடிக்காது. அதைவிடக் கேடு, மின்னோட்டம் பங்குபோவதால் இதுவரை சரியாயிருந்த முன்பக்கப் பைகளும் ஏமாற்றக்கூடும். தடையி மாட்டுவதோ, நோயாளியின் வாயை மூடிவிட்டு நோய் தீர்ந்தது என்பது போல. சாதாரண மானியைக் கொண்டு அந்தப் பிளக்கை அளந்து பார்ப்பதும் ஆகாது. அந்தச் சிறு மின்னோட்டமே பையை வெடிக்கச் செய்துவிடலாம்.

பையை விரிப்பது காற்றுப்பம்பி அன்று, வெடிமருந்து. இந்த ஆசனங்கள் எந்த வெள்ளத்தில் நனைந்தன, எத்தனை கோடை வெயில் கண்டன என்பதை யார் அறிவார்? தகாத்தா என்ற ஜப்பானியக் கம்பனியின் கதை உலகறிந்தது. அமோனியம் நைத்திரேற்று சேர்ந்த அதன் மருந்து, வெப்பத்தாலும் ஈரத்தாலும் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை ஆட்கள் மீது வீசியது. உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடி பைகளைத் திருப்பியழைக்க நேர்ந்தது. 2017-இல் அக்கம்பனி வங்குரோத்தானது. வெப்பமும் ஈரமும் எம் கரைக்குக் குறைவானவையா?

“எல்லாத்தையும் மாற்ற ஏலாதா?” என்று நாம் கேட்டோம். அதே வகை வண்டியிலிருந்து பெட்டி, உணர்கருவி, வயர்த்தொகுதி, ஆசனப்பட்டி யாவும் கொணர்ந்து பூட்டலாம். தூணுக்குள் அவற்றுக்கு இடம் இருக்கவேண்டும். பெட்டிக்குப் புதுக் கணக்கும் எழுதவேண்டும். செலவு வண்டியின் விலையைத் தொடும். அதன் பின்னும், அது வேலை செய்யுமா என்று பார்க்க ஒரே ஒரு பரிசோதனைதான் உண்டு. அதைச் செய்து பார்க்க யார் துணிவார்? எழும்பும்போது, இல்லாள் தைத்த உறையையும் அவர் கண்டார். “இதைப் போட்டிருந்தா, நல்ல பையும் தையலைக் கிழிச்சு வெளிய வராது, அம்மா” என்றார்.

காற்றுப்பையைக் குறை சொல்வது எம் நோக்கமன்று. 1990களின் நடுவில் சுவீடன் நாட்டு வொல்வோ கம்பனி பக்கப் பையை முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தது. சாரதியின் பக்கம் மோதுண்ட கார்களில், மார்பை மட்டும் காக்கும் பக்கப் பை சாரதி இறக்கும் அபாயத்தை 26 வீதமும், தலையையும் காக்கும் பை 37 வீதமும் குறைத்ததாக அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவகம் கண்டது. வண்டியோடு பிறந்த பை உயிர் காக்கும். எமக்கு வாய்த்ததோ பெயரளவான பை. அதிலுள்ள பெருந் தீங்கு, அதை நம்பி நாம் சற்று வேகமாய்ப் போயிருப்போம் என்பதே.

திரும்பும் வழியெல்லாம் மருமகன் பேசவில்லை. அவர் மாதக்கணக்காய்ச் சேர்த்த பணம் அது. என்ன ஆறுதல் சொல்வதென்று எமக்கும் தெரியவில்லை. வாகரை கடந்ததும் இல்லாள்தான் வாய் திறந்தார்.

“தம்பி, கை எப்பவோ சுகமாயிற்று. நீங்க அதையே நினைச்சு இருக்கிறதுதான் எனக்கு நோவு.”

அவர் வண்டியை ஓரமாய் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் முன்போல் பேசத் தொடங்கினார்.

விற்றவர் சிறிது கழித்துக்கொண்டு ஆசனங்களைத் திருப்பி எடுத்தார். மீந்த பணத்தை என்ன செய்வதென்று பெரியவரிடமே கேட்டோம். நைந்த முன் ஆசனப்பட்டிகளை மாற்றச் சொன்னார். வரி தேயாவிடினும் வயது முதிர்ந்துவிட்ட ரயர்களை மாற்றச் சொன்னார். ரயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள், அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும் என்பதை அன்றுதான் அறிந்தோம். பிறேக்கும் விளக்கும் செப்பமாயின. பின் ஆசனத்தைக் கிளப்பியபோது அடியிலே மூன்று பட்டிகள் சுருண்டு கிடந்தன! வண்டி ஜப்பானிலிருந்து வந்த நாள் முதல் இருந்தவை. நாம் ஒருநாளும் தேடவில்லை. மும்முனைப் பட்டியை 1959-இல் வொல்வோவுக்காக நில்ஸ் போலின் என்ற பொறியியலாளர் ஆக்கினார். எந்தக் கம்பனியும் பயன்படுத்தும்படி அதன் உரிமையை அந்நிறுவனம் திறந்துவிட்டது. இலங்கையில் 2011 ஒக்டோபர் முதல் முன் ஆசனத்தார் பட்டி அணிவது கட்டாயமாயிற்று. சட்டம் முன்னால் இருந்தோரைக் கேட்டது. பின்னால் இருந்த நாம் கேட்பாரின்றி இருந்துவிட்டோம்.

இப்போது எம் வண்டியில் பட்டி மாட்டாமல் எவரும் ஏறுவதில்லை. பேத்திக்கு உயர ஆசனம் ஒன்று வாங்கினோம். அன்று மீன் லொறி வந்த ஒழுங்கை நெருங்கும்போதெல்லாம், மருமகன் வேகத்தைக் குறைத்துக் ஹோர்ன் அடிப்பார்.

“அம்மப்பா, அந்தப் பை எங்கே?” என்று பேத்தி ஒருநாள் கேட்டாள்.

பட்டியைத் தொட்டுக் காட்டினோம். அவள் அதைச் சோதிப்பவள் போல ஒருமுறை வெடுக்கென்று இழுத்தாள். பட்டி இறுகி நின்றது. திருப்தியடைந்தவளாய்ச் சாய்ந்துகொண்டாள், வண்டி மெல்ல ஒழுங்கையைக் கடந்தது.