மலையிலிருந்து இறங்கி வந்தவன்

எங்கள் தேவாரத்தில் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு பிள்ளையாவது பெற்றவளைப் பிரிந்து வேறு வீட்டில் வளர்ந்தது. காரணம், மேற்கே நிற்கிற மலை. பெற்றவர்கள் மேலே ஏலத்தோட்டத்து லயத்தில் இருப்பார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்துக்காகக் கீழே அப்பத்தா வீட்டிலோ அம்மாச்சி வீட்டிலோ இருக்கும். ஆடி, ஆவணியில் தொடங்குகிற காய் எடுப்பு தை, மாசி வரைக்கும் ஓடும். எடுத்த செடிக்கே நாற்பது நாளில் திரும்பி வர வேண்டும் என்பதால், நல்லது கெட்டதுக்குக்கூட இறங்கி வருவது லேசில்லை. மலை கைக்கெட்டுகிற தூரத்தில்தான் தெரியும். ஆனால் வண்டியில் போக போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ சுற்ற வேண்டும். நேராக ஏறினால் சாக்குலூத்து மெட்டு, அது நடைபாதை. அதற்கு ரோடு கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறை போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்படி வந்த பிள்ளைகளில் சிலர் திரும்பிப் போக இடமில்லாமல் வந்தவர்கள். அவன் அந்த வகை. எங்கள் அம்மாச்சியின் தங்கை பேரன். தாய் மேலேயே காய்ச்சலில் போய்விட்டாள். தகப்பன் ஒரு சாயங்காலம் கூட்டிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார வைத்துவிட்டுப் போனார். எட்டு வயது. சட்டையில் காய் உலர்த்துகிற ஸ்டோரின் புகையும் ஏலக்காயும் கலந்த வாசம் அடித்தது.

எட்டு வயதுப் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு வீட்டையே மனதுக்குள் தூக்கிக்கொண்டு வருகிறது. அவனுக்குப் பால் ஊற்றிய காப்பி இறங்கவில்லை. மலையில் குடித்த கட்டஞ்சாயாதான் வேண்டும். அம்மாச்சி அதுவரை தேயிலைப் பொட்டலம் வாங்கி நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அடுப்பில் சாயங்காலம் அவனுக்கென்று ஒரு லோட்டா தனியாகக் கொதித்தது. அவசர அவசரமாகச் சாப்பிடுவான். பள்ளிக்கூடப் பைக்குள் காய்ந்த பணியாரத்தை ஒளித்து வைத்திருந்ததை நான் கண்டுபிடித்து, பெரிய சாமர்த்தியமாக அம்மாச்சியிடம் சொன்னேன். அவள் அவனை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தகர டப்பாவில் பொரிகடலையும் வெல்லமும் போட்டு, அவன் கைக்கு எட்டுகிற மாடத்தில் வைத்தாள். “இது ஒன் டப்பா. ஒருத்தரும் தொட மாட்டாக.” அது ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. கொஞ்ச காலத்தில் அவனே அதைத் திறந்து எனக்கும் ஒரு கை கொடுக்கத் தொடங்கினான்.

இன்னொன்றையும் அம்மாச்சி கண்டிப்பாக வைத்திருந்தாள். அவனுக்குச் சோறு போடுவது அவள் மட்டும்தான். அத்தை போடக் கூடாது, என் அம்மா போடக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைப்பதும் அவள்தான். எனக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் அம்மாச்சியை அவன் பிடுங்கிக்கொண்டதாகவே நினைத்தேன். முதலில் ஒரு ஆளை உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகுதான் ஊர் உறவெல்லாம் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

ஆறேழு மாதம் அடக்கமாக இருந்தவன், பிறகுதான் ஆடத் தொடங்கினான். சோற்றுத் தட்டை முற்றத்தில் வீசினான். ஊரே அவனைத் தகப்பனிடம் அனுப்பிவிடச் சொன்னது. அம்மாச்சி சோற்றைக் கூட்டி அள்ளி, கோழிக்குப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “எத்தன தட்ட வேணாலும் வீசு. நீ இங்கனதான் இருப்ப.” இப்போது யோசித்தால், அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவன் தட்டை வீசியிருக்கிறான்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அவனைக் கூட்டிக்கொண்டு மலையேறுவாள். லயத்து வாசலில் கொஞ்ச நேரம், தாயைப் புதைத்த இடத்தில் கொஞ்ச நேரம். மறுநாள் இறங்கி வருவார்கள். “மறக்கட்டும்னு விடாம எதுக்கு வருசா வருசம் கூட்டிப் போற?” என்று என் மாமா சத்தம் போட்டார். “பெத்த ஆத்தாள மறக்குறவன வச்சு நான் என்ன செய்ய?” என்றாள்.

போடியிலிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் எங்களை மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போவாள். தூங்கும்போதும் அவன் கை அவள் முந்தானையைச் சுற்றிக்கொண்டே இருக்கும். 2016-ல் வந்த ‘லயன்’ படத்தைப் பார்த்தபோது அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. அது மத்தியப் பிரதேசம் கண்ட்வாவைச் சேர்ந்த சரூவின் உண்மைக் கதை; ஐந்து வயதில் ரயிலில் தூங்கிப்போய் கல்கத்தாவில் தொலைந்தவன். 1987-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு, பிரையர்லி தம்பதியின் பிள்ளையாகப் போனான். வளர்த்த தாய் சூ, அவன் அறைச் சுவரில் இந்திய வரைபடத்தை மாட்டி வைத்தார். 2012-ல் அவன் பெற்ற தாயைத் தேடி வந்து கண்டதைத்தான் உலகம் கொண்டாடியது. எனக்கு அந்த வரைபடம்தான் பெரிதாகப் பட்டது. சூவும் எங்கள் அம்மாச்சியும் ஒரே வழியில் யோசித்திருக்கிறார்கள். அதே வீட்டுக்கு அடுத்து வந்த மந்தோஷ் இன்னும் பெரிய பிள்ளையாக, அடிபட்டு நொந்து வந்தவன். அவனுக்கு அந்த வீடு அவ்வளவு லேசில் பிடிபடவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் அன்பு ஒன்றுதான், வீடு ஒன்றுதான். ஆனாலும் இரண்டு பேருக்கும் நடந்தது வேறு வேறு.

வெளிநாட்டுத் தத்து பற்றி 1984-ல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, மூன்று வயதுக்குள் போனால் பிள்ளை எளிதில் ஒட்டிக்கொள்ளும் என்று நீதிபதி பகவதி எழுதினார். ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையையும் கொடுக்கலாம், ஆனால் அதன் விருப்பத்தைக் கேளுங்கள் என்றார். இப்போது ஐந்து வயது ஆகிவிட்டாலே பிள்ளையின் சம்மதம் வேண்டும். போன பிறகும் இரண்டு வருடத்துக்கு அறிக்கை வர வேண்டும். முதல் வருடம் மூன்று மாதத்துக்கொன்று, அடுத்த வருடம் ஆறு மாதத்துக்கொன்று. அவசியமான காவல்தான். ஆனால் விமானம் ஏறாத பிள்ளையிடம் விமானத்துக்கு அந்தப்பக்கம் இருப்பதைப் பற்றி என்ன சம்மதம் கேட்பது என்ற கேள்வி எனக்குள் தீரவேயில்லை. எங்களவனுக்குத் திண்ணையில் உட்கார்ந்தால் மலையாவது தெரிந்தது.

அமெரிக்காவில் இருக்கிற என் சித்தி மகள், மகாராஷ்டிரத்து இல்லம் ஒன்றிலிருந்து ஏழு வயதுப் பெண் பிள்ளையைத் தத்தெடுத்தாள். பிள்ளை பேசுவது மராத்தி. இவர்கள் வீட்டில் தமிழ். வாசலைத் தாண்டினால் ஆங்கிலம். வந்த புதிதில் எல்லாம் அழகாக இருந்தது. பிறகு ஒருநாள் போனில் அழுதாள். “அக்கா, ராத்திரி எந்திரிச்சு கதவையே பாத்துக்கிட்டு உக்காந்துருக்கா. என்னைத் தொட விட மாட்டேங்குறா. அவர்கிட்ட மட்டும் போறா.” நான் படித்த புத்தகத்தையெல்லாம் விட்டுவிட்டு டப்பா கதையைச் சொன்னேன். இல்லத்தில் என்ன சாப்பிட்டாள் என்று விசாரிக்கச் சொன்னேன். நெய் விட்ட பருப்புச் சோறு, வரண் பாத். அதை இவள் கற்றுக்கொண்டு தினமும் தன் கையால் போட்டாள். வீட்டுக்கு விருந்தாளி வருவதைக் கொஞ்ச காலம் நிறுத்தினாள். பிள்ளை அப்படியும் உடனே ஒட்டிக்கொள்ளவில்லை. ஒரு வருடம் கழித்து, தலை பின்ன இவளிடம் வந்து முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். அதைச் சொல்ல எனக்கு இங்கே நடுராத்திரி என்றுகூடப் பார்க்காமல் கூப்பிட்டாள்.

அம்மாச்சி இல்லை. திண்ணையை இடித்து, இரும்பு கேட் போட்டாயிற்று.  மலையில் இருளடைந்து கிடந்த ஏலக்காடும் நிழல் மரங்கள் குறைந்து பல இடங்களில் வெளுத்துவிட்டது. மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியோடு நின்றது. 2023 ஜூனில் அகலப்பாதையாகப் போடிக்குத் திரும்பி வந்துவிட்டது. திரும்பி வந்தது அது ஒன்றுதான்.

அவன் போடியில் ஏலக்காய்க் கடையில் இருக்கிறான். கையில் அள்ளிப் பார்த்தே எட்டு எம்.எம். காய் எவ்வளவு தேறும் என்று சொல்கிறவன். போன வாரம் சித்தி மகள் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பிள்ளை தான் வளர்ந்த இல்லத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறதாம். போனால் மனசு கெட்டுவிடுமோ என்று வீட்டுக்காரர் தயங்குகிறாராம். அவன் காயைப் பரப்பிக்கொண்டே கேட்டான், நிமிரவில்லை.

“கண்டிப்பாக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. தேதி சொன்னா நானும் வாரேன்.”