சாரிசார்ட்டின் வழிச்செலவு

கீழ்பென்னாத்தூரில் நாங்க ஆடிப் பழகினது டபிள்யூ.டபிள்யூ.இ. சீட்டு. உயரம், எடை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லணும். யாரிடம் நம்பர் பெரிசோ அவன் ஜெயித்தான். அந்தக் கண்ணோடு பார்த்தால் போகிமானில் சாரிசார்ட்தான் ராஜா. உயிர் 120, ஒரே அடியில் 100.

ஆனால் போகிமான் வேறு கணக்கு கேட்கிற ஆட்டம். 1996இல் ஜப்பானில் வந்த அந்த முதல் சாரிசார்ட்டை நேராகக் களத்தில் இறக்க முடியாது. முதலில் சார்மாண்டர், அப்புறம் சார்மீலியன், அதற்கப்புறம்தான் அது. அடிக்க நாலு ஆற்றல் சீட்டு வேணும். நம்ம முறைக்கு ஒன்றுதான் வைக்கலாம். அடித்தால் அதிலும் இரண்டு போயிடும். ஹிட்மான்சானுக்கு ஒரே ஆற்றல் போதும், இருபது இருபதாகக் குத்தும். 50 உயிருள்ள சார்மாண்டருக்கு மூணு குத்து. ராஜா வருவதற்குள் கதை முடிஞ்சிடும்.

எங்க ஊரிலிருந்து எங்கே போகணும்னாலும் பெரும்பாலும் திருவண்ணாமலை போய் பஸ் மாறணும். பலம் இருப்பது வேறு, நேரத்துக்குப் போய்ச் சேருவது வேறு என்பது எங்களுக்குப் பழகின விஷயம்.

2023இல் சாரிசார்ட் இஎக்ஸ் வந்தது. பரிணமித்து இறங்கும்போதே கட்டிலிருந்து மூணு நெருப்பாற்றல் வரை எடுத்து ஒட்டிக்கலாம். எதிராளி எடுத்திருக்கும் ஒவ்வொரு பரிசுச் சீட்டுக்கும் அதன் அடி 30 கூடும். உயிரும் 330 ஆச்சு. ஆனா நம்பர் எல்லாருக்கும்தான் பெருத்திருந்தது. இதற்கு வழிச்செலவைக் கையில் கொடுத்தார்கள். பெரிய போட்டிகளில் ஜெயிக்க ஆரம்பித்தது.